முதல் கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். வேலைக்குப் போகிற எல்லாருக்கும் பழகிய காட்சி இது. ஏதோ தப்பு நடந்துவிட்டது, மேலதிகாரியிடம் போய்ச் சொல்ல வேண்டும். கதவைத் தட்டுமுன் மனசு அடித்துக்கொள்ளும்: சொல்லலாமா, மூடி மறைக்கலாமா?

நான் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்தவன். ஒரு நாள் இரவு ஷிப்டில், ஒரு பையனுக்குக் கியரில் விரல் மாட்டி நகமே பெயர்ந்துவிட்டது. அடிக்கடி பஞ்சு அடைக்கிறது என்று கியர் மூடியைக் கழற்றிவைத்தே ஓட்டிக்கொண்டிருந்தோம். எனக்கும் தெரியும். ஓடிப்போய் மேலாளரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “மெஷின் எவ்வளவு நேரம் நின்னுச்சு?”

அவ்வளவுதான். அதன் பிறகு யாருக்கு அடிபட்டாலும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். விபத்துப் பதிவேட்டில் பக்கம் பக்கமாக “இல்லை” என்று எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது. அந்த மேலாளர் பொய் எழுதச் சொல்லவே இல்லை, கவனியுங்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

இனி வேறொருவர். 1987-ல் அமெரிக்காவின் அல்கோவா அலுமினிய நிறுவனத்துக்குத் தலைவராக வந்தார் பால் ஓ'நீல். முதலீட்டாளர்கள் லாபக் கணக்கை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். சில மாதங்களில் அரிசோனா ஆலையில், நின்றுபோன இயந்திரத்தைச் சரிசெய்யத் தடுப்பைத் தாண்டிக் குதித்த ஓர் இளைஞர் அடிபட்டு இறந்தார். விதியை மீறினான் என்று செத்தவர் தலையில் பழியைப் போட்டிருக்கலாம். ஓ'நீல் அதிகாரிகளைக் கூட்டி, இந்தச் சாவுக்கு நாம்தான் காரணம், என் தலைமைதான் தவறியது என்றார். அவர் குதித்ததை மேற்பார்வையாளர்கள் பார்த்தும் தடுக்கவில்லை. அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் கியர் மூடிதான் கண்முன் வந்தது.

தொழிலாளர்களிடம் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணையே கொடுத்தார் ஓ'நீல். ஆலையில் எதுவும் சரியில்லை என்றால் நேரே அவரைக் கூப்பிடலாம். வேலைநாள் இழக்கவைக்கும் காயங்கள் 100 பேருக்கு 1.86 என்றிருந்தது, அவர் ஓய்வுபெறும்போது 0.2 அளவுக்கு இறங்கியிருந்தது.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. மெக்சிகோ விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1996-ல் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரி எழுந்து, அங்குள்ள ஆலையில் புகையால் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதைக் கேட்டார். விசாரித்தால் உண்மை. பொறுப்பிலிருந்த உயரதிகாரி திறமைசாலி, கோளாறும் சரிசெய்யப்பட்டிருந்தது. ஆனால் தலைமையகத்துக்குச் சொல்லவில்லை. அதற்காகவே அவரை வேலையிலிருந்து நீக்கினார் ஓ'நீல். வணக்கம்.