அந்தி சாஞ்சா படி இறங்காத பெரியாச்சி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கண் டாக்டர். ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு பையனை என்னிடம் கூட்டி வந்திருந்தார்கள். ஒன்பது வயசு. அம்மா பீடி சுற்றுகிறவர். சாயங்காலம் கடைக்கு அனுப்பினால், வாசலில் கிடக்கிற நார்க்கட்டிலில் மோதிக்கொள்வானாம். சேட்டை பண்ணுகிறான் என்று இரண்டு அடியும் வைத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது.

மாலைக்கண்தான். பெரும்பாலும் நாம் கேள்விப்படுவது வைட்டமின் ஏ குறைவால் வருகிற மாலைக்கண். நேரத்தோடு மருந்து கொடுத்தால் அது சரியாகிவிடும். இவனுக்கு அது இல்லை. கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கிற விழித்திரையின் ஓரத்தில் எலும்புச் சில்லு போலக் கறுப்புத் திட்டுகள் இருந்தன. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்போம். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் ஒரு கண்ணில் சுமார் 12 கோடி உண்டு. அவை கொஞ்சம் கொஞ்சமாக அழியும். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடும்.

கூட வந்த ஆச்சியை உட்காரவைத்து ஒரு காகிதத்தில் வம்சம் எழுதினேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. ஆச்சியின் மகளைக் கட்டியிருப்பவர் ஆச்சியின் அண்ணன் மகன். இரட்டைக் கோடு போட்டேன். "உங்க கூடப் பிறந்தவங்க யாருக்காவது கண்ணுல கோளாறு உண்டா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க அக்கா ஒருத்தி இருந்தா. அந்தி சாஞ்சா படி இறங்கமாட்டா. பேய் அடிச்சிருக்குன்னு சொல்லுவாவ."

பேய் இல்லை, எழுத்துப் பிழை. நம் உடம்பின் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்து. அதில் 300 கோடி எழுத்து நீளத்துக்கு எழுதியிருக்கிறது. இன்ன புரதத்தை இப்படிச் செய் என்று சொல்லும் பகுதிதான் மரபணு. பால் என்று எழுத வேண்டிய இடத்தில் பாழ் என்று எழுதினால் என்ன ஆகும்? குச்சி செல்லில் வெளிச்சத்தைப் பிடிக்கும் ரோடாப்சின் ஒரு புரதம்; அமினோ அமிலங்கள் என்ற 348 மணிகள் கோத்த மாலை. அதில் 23ஆவது மணி மட்டும் மாறிப்போன குடும்பங்களை 1990ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். மரபணுவில் சி இருக்க வேண்டிய ஓர் இடத்தில் ஏ இருந்தது, அவ்வளவுதான். இந்த நோயைக் கொண்டுவரும் மரபணுக்கள் இப்படி எண்பதுக்கும் மேலே.

ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி: அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. அந்த ரோடாப்சின் வகையில் ஒரு பிரதி கெட்டாலே நோய் வரும். இந்தப் பையனின் வகையில் இரண்டும் கெட வேண்டும். ஒரு பிரதி மட்டும் கெட்டவருக்குப் பார்வையில் ஒரு குறையும் இருக்காது. ஆச்சிக்கும் அவர் அண்ணனுக்கும் ஆளுக்கு ஒரு பிரதியில் அதே பிழை இருந்திருக்கிறது. பிள்ளைகள் வழியாக அது இறங்கி, பேரனிடம் இரண்டும் சேர்ந்துவிட்டன. மாமன் மகள், அத்தை மகன் என்றால் 8ல் 1 பங்கு மரபணு பொது. தாய்மாமனைக் கட்டினால் 4ல் 1 பங்கு. சொந்தத்தில் கட்டினாலே நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரிடமும் ஒரே பிழை இருக்க வாய்ப்பு கூடுகிறது.

அப்படி இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் 4ல் 1 வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை என்று கணக்குப் போடாதீர்கள். தாயக்கட்டையை ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் உருட்டுகிறோம்.

சரி, வைத்தியம் உண்டா? ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணுவுக்கு 2017ல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சை, அதாவது நல்ல பிரதியைக் கண்ணுக்குள் செலுத்தும் வைத்தியம், அனுமதியானது. அப்போது வைத்த விலை ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர். மற்ற வகைகளுக்கு ஆராய்ச்சி நடக்கிறது. எந்த மரபணு என்று இரத்தம் எடுத்துப் பார்த்து வைத்திருந்தால்தான் நாளைக்கு அந்தக் கதவு திறக்கும்போது நுழைய முடியும்.

பையன் இப்போது பள்ளியில் முதல் பெஞ்சில் இருக்கிறான். கையில் டார்ச் உண்டு. அவன் தங்கைக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஒற்றைப் பிழையை அவள் சுமக்க 3ல் 2 வாய்ப்பு. அவளுக்கும் மாமன் மகன் என்று வீட்டில் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். பேச்சு முடிவாகும் முன்னால் இரண்டு பேருக்கும் இரத்தம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டு ஆச்சி, தாத்தா இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்: யாருக்கு இருட்டில் தடுமாற்றம், யார் சின்ன வயசிலேயே கண்ணை இழந்தார், யார் யாரைக் கட்டினார். கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தக் காகிதத்தை மறக்காமல் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.