பந்தைத் தொடாத ஆட்டக்காரர்

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், பந்தை எறிகிறவரையோ அதை வாங்கிக்கொண்டு ஓடுகிறவரையோ பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஜோ தாமஸைப் பற்றி. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்குப் பதினோரு பருவங்கள் லெஃப்ட் டேக்கிளாக ஆடியவர். பந்துக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்த இடம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் ஆட்டம் ஸ்னாப்போடு தொடங்கும். நடுவில் குனிந்திருக்கும் சென்டர், கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுப்பார். வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். சென்டரும், அவருக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு பேருமாக நிற்கும் ஐந்து பேர்தான் ஆஃபென்சிவ் லைன். குவார்ட்டர்பேக் மேல் யாரும் பாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பந்தோடு ஓடுகிறவருக்கு வழி திறந்துவிட வேண்டும். இதுதான் அவர்கள் வேலை. நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஒழிய, பாஸைப் பிடிக்க அவர்களை விதியே அனுமதிக்காது. இந்த வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவர் லெஃப்ட் டேக்கிள். வலது கைக்காரரான குவார்ட்டர்பேக் எறியத் தயாராகும்போது உடல் வலப்பக்கம் திரும்பிவிடும், முதுகு இடப்பக்கம் இருக்கும். அங்கிருந்து பாய்ந்து வருகிறவன் அவர் கண்ணில் படமாட்டான். அந்த முதுகுக்குப் பொறுப்பு இந்த ஒரு மனிதர்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். எதிரி முன்னோக்கி ஓடி வருகிறான். இவர் அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நகர வேண்டும். கால்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டக் கூடாது. தாண்டினால் அடுத்த இடியில் நிலை தடுமாறும். கைகள் எதிரியின் நெஞ்சுக்கு நேராகப் போய் விழ வேண்டும். தோளுக்கு வெளியே பிடித்து இழுத்தால் ஹோல்டிங் என்று கொடி விழும், அணிக்குப் பத்து யார்டு நஷ்டம். கையை நீட்டுகிற நேரமும் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். ஒரே தாளத்தில் செய்தால் எதிரி படித்துவிடுவான். எல்லாம் இரண்டரை, மூன்று விநாடிக்குள். தாமஸ் இந்தக் காலடியிலும் கையிலும்தான் பெரியவர். அவரைவிட வலுவானவர்கள் அந்தத் தொழில்முறை லீகில் இருந்தார்கள். அவரைப் போல நிலை குலையாமல் இருந்தவர்கள் ரொம்பக் குறைவு.

விக்கெட் கீப்பரின் நிலைமைதான் இவர்களுக்கும். நாள் முழுக்கப் பந்தை ஒழுங்காகப் பிடித்தால் யாரும் பேசுவதில்லை, ஒன்றைத் தவறவிட்டால் பெயர் அடிபடும். பார்க்கப்போனால் கீப்பருக்காவது கேட்ச் கணக்கு உண்டு. லைன்மேனுக்கு ஸ்கோர் அட்டையில் ஒரு வரிகூடக் கிடையாது.

தாமஸ் 1984 இல் விஸ்கான்சின் மாநிலத்தின் புரூக்ஃபீல்டில் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார், அங்கே குண்டு எறிதலிலும் இருந்தார். 2006 ஜனவரியில், பவுல் எனப்படும் கல்லூரிப் பருவ இறுதி ஆட்டம் ஒன்றில், ஆள் பற்றாமல் எதிரணியின் தாக்குதலைத் தடுக்கும் டிஃபென்சிவ் லைனில் ஆடப் போய் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதிலிருந்து மீண்டு வந்து, அதே ஆண்டு நாட்டின் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட் விருதை வாங்கினார். தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2007 டிராஃப்டுக்கு நியூயார்க் மேடையில் வந்து நிற்கச் சொல்லி அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டார். மூன்றாவது ஆளாக கிளீவ்லாந்து தன்னைத் தேர்ந்தெடுத்த செய்தி படகிலேயே அவருக்கு வந்து சேர்ந்தது.

முதல் ஆட்டம் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுடன். 34-7 என்று தோல்வி. அன்று தொடங்கிய குவார்ட்டர்பேக் சார்லி ஃபிரையைப் பாதி ஆட்டத்துக்கு முன்பே வெளியே எடுத்தார்கள், இரண்டே நாளில் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். தாமஸின் அடுத்த பத்து வருடமும் இப்படித்தான் போகப்போகிறது. அவர் காலத்தில் அந்த அணிக்கு 20 குவார்ட்டர்பேக்குகள் தொடக்க ஆட்டக்காரர்களாக வந்து போனார்கள், தலைமைப் பயிற்சியாளர்கள் 6 பேர். ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கும் வெவ்வேறு ஆழத்துக்குப் பின்வாங்குவார், பந்தை வெவ்வேறு நேரம் கையில் வைத்திருப்பார். தனக்குப் பின்னால் நிற்பவர் எங்கே இருப்பார் என்பதை லெஃப்ட் டேக்கிள் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவைத்திருக்க வேண்டும். இருபது பேருக்கு அதைக் கற்றுக்கொள்வது என்ன மாதிரி வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் பருவத்தில் பிரவுன்ஸ் 10 ஆட்டம் வென்றது. டென்னசி டைட்டன்ஸும் 10 தான் வென்றிருந்தது. சமநிலையை உடைக்கும் டை-பிரேக்கர் விதியில், பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்கு டைட்டன்ஸ் போனது. அதற்குப் பிறகு தாமஸ் அந்த வாசலை நெருங்கவே இல்லை. அவர் ஆடிய 167 ஆட்டங்களில் அணி வென்றது 48, தோற்றது 119. 2015 இல் டென்வர் பிராங்கோஸ் அவரை வாங்கப் பார்த்தது. பேச்சு கடைசி நேரத்தில் முறிந்தது. டென்வர் அந்தப் பருவத்தில் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றது. கிளீவ்லாந்து அடுத்த ஆண்டு ஒரே ஒரு ஆட்டம் வென்றது.

இத்தனைக்கும் நடுவே அவர் ஒரு ஸ்னாப்புக்குக்கூட வெளியே போகவில்லை. வேறு எந்தக் கணக்கையும்விட இதுதான் என்னை அசத்துகிறது. 34-7 என்று தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் கடைசி நிமிடத்திலும் அவர் அந்த இடத்தில்தான் நின்றார். முதல் நாளிலிருந்து தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப். 2017 அக்டோபர் 22 அன்று கிளீவ்லாந்தில், பந்தோடு ஓடுகிறவருக்கு வழி திறந்துவிடும் ஒரு ஸ்னாப்பில், இடது கையின் பின்தசை கிழிந்தது. அன்று எதிரே நின்றதும் அதே டைட்டன்ஸ்தான். அப்புறம் அவர் ஆடவில்லை. 2018 மார்ச்சில் ஓய்வை அறிவித்தார்.

119 தோல்வி பார்த்தவரை எப்படிப் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்வது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஆனால் லெஃப்ட் டேக்கிளால் ஒரு ஆட்டத்தை வென்று தர முடியாது, தன் பக்கத்திலிருந்து அது கைவிட்டுப் போகாமல் காக்கத்தான் முடியும். அதை அவர் செய்தாரா என்றுதான் பார்க்க வேண்டும். எதிரே ஆடியவர்களும் கூடச் சேர்ந்து வாக்களிக்கும், சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பவுலுக்கு, வந்த ஆண்டிலிருந்தே தொடர்ந்து 10 முறை தேர்வானார். அந்தந்தப் பருவத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-புரோ முதல் அணியில் 6 முறை. 2023 இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, ஓஹையோவின் கேன்டன் நகரிலுள்ள, கால்பந்தின் மகத்தானவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. ஒரு பிளேஆஃப் ஆட்டமும் ஆடாதவருக்கு! என் பார்வையில் அது மிகச் சரியான முடிவு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் போகக் கூடாது. அதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இன்னொரு லைன்மேன் மைக் வெப்ஸ்டர். ஸ்டீலர்ஸின் சென்டர், நான்கு சூப்பர் பவுல் வென்றவர், 17 பருவங்கள் ஆடியவர். கடைசிக் காலத்தில் மனம் குழம்பி, வீடின்றி வண்டியில் படுத்துறங்கும் நிலைக்கு வந்து, 2002 இல் 50 வயதில் இறந்தார். நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமலு அவர் மூளையைச் சோதித்து, திரும்பத் திரும்ப விழுந்த அடிகளால் வரும் சிதைவைக் கண்டார். 2005 இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. ஒவ்வொரு ஸ்னாப்பிலும் தலையும் நெஞ்சும் மோதும் இடம் இந்த வரிசைதான். ஆடிக்கொண்டிருக்கும்போதே தன் நினைவாற்றல் குறைவதாகத் தாமஸும் வெளிப்படையாகச் சொன்னார். அதனால் 10,363 என்று கைதட்டும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. அந்த எண்ணை இளைஞர்களுக்கு இலக்காக வைக்க நான் விரும்பமாட்டேன்.

ஆடும்போது அவர் எடை சுமார் 140 கிலோ. அதைக் குறையவிடாமல் இருக்க ஓயாமல் சாப்பிட வேண்டியிருந்தது. ஓய்வுக்குப் பின் இருபது கிலோவுக்கு மேல் குறைத்துவிட்டார். இப்போதைய படத்தைப் பார்த்தால் நீச்சல் வீரர் என்பீர்கள்.

அடுத்து ஒரு ஆட்டம் பார்க்கக் கிடைத்தால் ஒன்று செய்யுங்கள். ஸ்னாப் ஆனதும் பந்தின் பின்னால் கண்ணை விடாதீர்கள். சென்டரிலிருந்து இடப்பக்கம் இரண்டாவது ஆளின் கால்களை மட்டும் மூன்று விநாடி பாருங்கள். பந்து எங்கே போனது என்று ரீப்ளேயில் பார்த்துக்கொள்ளலாம்.