பழைய கன்வர்டிபிள் கார் வாங்கப் போகிறீர்களா? ஒரு வாளித் தண்ணீரோடு போங்கள்!

(காட்சி: ஏற்காடு மலைப்பாதையில் பனி விலகாத காலைப் பொழுது. கூரை மடிந்த ஒரு சிவப்பு நிறக் கார் கொண்டை ஊசி வளைவில் மெல்லத் திரும்புகிறது.)

வணக்கம். கூரையை மடித்து வைத்துவிட்டு, சேர்வராயன் மலைக் காற்று முகத்தில் அடிக்க, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போக வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதே ஆசைதான் என்னையும் இந்த வீடியோ வரை கொண்டு வந்திருக்கிறது. ஆனால் 15 அல்லது 20 ஆண்டுப் பழமையான கன்வர்டிபிள் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்க்கப் போகும்போது, மெக்கானிக்குக்கு முன்பாக நீங்கள் கூட்டிக்கொண்டு போக வேண்டியது ஒரு வாளித் தண்ணீரைத்தான். அது எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன் என்று உங்களை உட்கார வைத்துக் காக்க விடும் எண்ணம் எனக்கு இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கார்களைக் கொல்வது பெரும்பாலும் எஞ்சின் கோளாறு அன்று, உள்ளே இறங்கிய மழைநீர்தான்.

முன்கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நம் ஊர்ப் பக்கம் கைமாறி வரும் பழைய கன்வர்டிபிள்களில் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., பி.எம்.டபிள்யூ. இசட்4, போர்ஷே பாக்ஸ்டர் ஆகிய மூன்றும் அடிக்கடி கண்ணில் படும். கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற குட்டிக் காரும் உண்டு. ஃபைபர் உடலும் ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சினும் கொண்ட அந்த வண்டியைச் சேலத்தில் யாராவது இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு சுற்றுக் கொடுங்கள்.

(காட்சி: ஓட்டு வீட்டு முற்றம். மூலையில் சலதாரை.)

இப்போது தண்ணீருக்கு வருவோம். பழைய தொட்டிக்கட்டு வீடுகளின் நடுவே முற்றம் இருக்கும். நான்கு பக்கத்து ஓடுகளும் மழையை அந்த முற்றத்தில்தான் கொண்டுவந்து கொட்டும். வீட்டுக்குள்ளேயே மழை பெய்கிறதே என்று அங்கே யாரும் பதறுவதில்லை, ஏனென்றால் முற்றத்தின் மூலையில் சலதாரை இருக்கிறது. வந்த தண்ணீர் அதன் வழியே தெருவுக்குப் போய்விடும். அந்தச் சலதாரையில் ஒரு பழந்துணி அடைத்துக்கொண்டால் மட்டும்தான் தண்ணீர் தாழ்வாரத்தில் ஏறி, நெல் மூட்டையை நனைத்து, பாட்டியின் வாயிலிருந்து நல்ல வார்த்தைகளையும் வரவழைக்கும்.

துணிக் கூரை கொண்ட கார் இந்த முற்றத்து வீட்டைப் போன்றதுதான். மேலே விழும் தண்ணீர் முழுவதையும் வெளியிலேயே தடுத்து நிறுத்த வேண்டும் என்று இந்த வண்டிகளை வடிவமைத்தவர்கள் நினைக்கவில்லை. இருக்கைகளுக்குப் பின்னால், கூரை வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். கூரையில் வழியும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்கி, இரண்டு பக்கமும் உள்ள வடிகால் துளைகளின் வழியாக, பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் தரையில் சொட்ட வேண்டும். துளை திறந்திருக்கும் வரை வீடு பத்திரம். அடைத்துக்கொண்டால் தண்ணீர் தரைவிரிப்புக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

2002 முதல் 2008 வரை தயாரான முதல் தலைமுறை இசட்4 காரில் கூரையை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் மோட்டாரை எங்கே வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பள்ளத்தின் அடியில், வடிகாலுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். சலதாரைக் குழிக்குள் தண்ணீர் மோட்டாரைப் பதித்துவிட்டுப் போன கொத்தனாரை நம் ஊரில் என்ன சொல்வோம் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். வடிகால் அடைத்த மறு மழையில் மோட்டார் மூழ்கும், கூரை பாதியில் நிற்கும். அதை மாற்றக் கூரையையே கழற்ற வேண்டியிருப்பதால், விவரம் தெரிந்த உரிமையாளர்கள் பலர் மோட்டாரை டிக்கிக்கு இடம் மாற்றிவிடுகிறார்கள். நீங்கள் பார்க்கும் இசட்4 வண்டியில் அந்த வேலை ஏற்கெனவே நடந்திருந்தால், முந்தைய உரிமையாளரை மனதுக்குள் வாழ்த்துங்கள். பாக்ஸ்டரின் கதையும் ஏறக்குறைய இதுதான். அதில் சாவியை அடையாளம் காணும் மின்னணுப் பெட்டி இருக்கைக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. அது நனைந்தால் எஞ்சின் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் வண்டி உயிர் பெறாது.

(காட்சி: கூரை மூடிய கார். ஒருவர் சொம்பால் பின்கண்ணாடியின் ஓரத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுகிறார்.)

எனவே விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, கூரையை மூடி, அதன் பின் விளிம்பில் ஒரு பக்கம் ஒரு சொம்பு, மறுபக்கம் ஒரு சொம்பு என்று நிதானமாக ஊற்றுங்கள். பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் தண்ணீர் வடிய வேண்டும். ஒரு பக்கம் வடிந்து மறுபக்கம் வறண்டிருந்தால், ஊற்றிய தண்ணீர் எங்கே போனது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. வாட்டர் வாஷ் செய்யும் அழுத்தக் குழாயை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அந்த வேகம் கூரை ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங் நன்றாக இருந்தாலும் அதைத் தாண்டி உள்ளே போகும் என்பதால், குற்றமற்ற வண்டியும் குற்றவாளிபோலத் தெரியும்.

அடுத்ததாக உள்ளே உட்கார்ந்து, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டியைக் கழுவி மெருகேற்றி விற்பவர்கள் எல்லாவற்றையும் துடைப்பார்கள், பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தைத் துடைக்க மறந்துவிடுவார்கள். அங்கே தண்ணீர்க் கறை வரிவரியாக நின்றால் உள்ளே வெள்ளம் வந்து போயிருக்கிறது. தரைவிரிப்பின் மேற்பரப்பைத் தொட்டுவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம், அதன் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள நுரைப்பஞ்சை அழுத்துங்கள், இருக்கை ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். நாற்றத்தை மறைக்க டேஷ்போர்டில் காப்பித்தூள் பொட்டலம் வைத்திருந்தால், அது எவ்வளவு நல்ல ஏற்காட்டுக் காப்பியாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஏற்காட்டைச் சொன்னதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலைமேல் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் இலைக்கும் கன்வர்டிபிள் வடிகாலுக்கும் ஏழாம் பொருத்தம். கிழிகிழியாகப் பிளந்த அந்த இலை காய்ந்து விழுந்து, பள்ளத்தில் மக்கி, துளைக்குள் சாந்துபோல இறுகிவிடும். பாக்ஸ்டரின் முன் பம்பருக்குள் இரண்டு ஓரங்களிலும் ரேடியேட்டர்கள் இருப்பதால், அங்கேயும் சருகு சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். தோட்ட வீட்டு மரத்தடியில் நின்ற வண்டியையும், சேலம் நகரத்தில் வெயிலில் நின்ற வண்டியையும் ஒரே விலைக்குக் கொடுத்தால் எதை எடுப்பது என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் தயங்காமல் வெயிலில் காய்ந்த வண்டியை எடுப்பேன். சேலத்து மே மாத வெயில் பீடிங்கை இறுக்கும், டேஷ்போர்டை வெடிக்க வைக்கும், பழைய பாக்ஸ்டரில் வரும் பிளாஸ்டிக் பின்கண்ணாடியை மஞ்சளாக்கும்; இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காசு கொடுத்தால் மாற்றலாம். ஈரத்தில் ஊறிய வயர் கட்டு எந்த மாதத்தில் எந்த விளக்கை எரிய வைக்கும் என்பதை எந்த எலக்ட்ரீஷியனாலும் சொல்ல முடியாது.

எஸ்.எல்.கே. காரில் துணிக்குப் பதிலாக உலோகக் கூரை இருக்கிறது. 1996இல் வந்த முதல் தலைமுறையில் அது சுமார் 25 வினாடிகளில் டிக்கிக்குள் மடிந்துகொள்ளும். அதை ஒருமுறை பார்த்துக் கைதட்டிவிட்டு நிறுத்தாமல், எஞ்சின் சூடான பிறகு இன்னும் இரண்டு முறை இயக்கச் சொல்லுங்கள், டிக்கிக்குள் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவியும் பாருங்கள். இதில் வாங்குபவருக்குச் சாதகமான வேடிக்கை ஒன்றும் உண்டு. டிக்கிக்குள் இருக்கும் சாமான் மறைப்புத் திரையை இழுத்து மாட்டாவிட்டால் இந்தக் கூரை திறக்காது. கூரைக்கு இடம் இருக்கிறது என்பதைக் கார் அந்தத் திரையை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. கூரை பழுது என்று விலையைக் குறைத்துச் சொல்பவர் அந்தத் திரையை மறந்தவராகவும் இருக்கலாம். அவருக்கு உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது.

(காட்சி: மாங்காய் மண்டி. மூடி அடிக்காத மரப்பெட்டி.)

மாம்பழப் பருவத்தில் மண்டிக்குப் போயிருப்பீர்கள். மூடி அடிக்காத மரப்பெட்டியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் பெட்டி முழுவதும் முறுக்கிக்கொள்ளும். நான்கு ஆணி அடித்து மூடியைப் பொருத்திவிட்டால் அதே பெட்டி அசையாது. கூரையை வெட்டி எடுத்த கார் மூடியில்லாத பெட்டி. அதனால்தான் தயாரிப்பாளர்கள் கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டத்தைத் தடிப்பாக்கி வண்டியைத் தாங்க வைக்கிறார்கள். வடிகால் அடைத்த தண்ணீர் பல வண்டிகளில் கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் அதே அடிச்சட்டம்தான். 10 லட்சத்துக்கு மேல் விற்ற ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் துரு முதலில் தலைகாட்டுவது அங்கேதான். ஆகவே ஒரு முன் சக்கரம் தரையை விட்டு விலகும் அளவுக்கு ஜாக்கியால் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு லேசாக இறுகலாம். ஆனால் உரசினாலோ, பூட்டில் அமர மறுத்தாலோ, அந்த வண்டியில் துருவோ பழைய விபத்தோ ஒளிந்திருக்கிறது.

இதே சோதனையைச் செய்து காட்ட நமக்கு இயற்கையே ஒரு பாதை தந்திருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் வண்டியை ஒருமுறை இடதுபக்கமும் ஒருமுறை வலதுபக்கமும் முறுக்கும். கூரையைத் திறந்து வைத்து, பாட்டை நிறுத்திவிட்டு, முன் கண்ணாடிச் சட்டமும் உள்கண்ணாடியும் எவ்வளவு நடுங்குகின்றன என்று கவனியுங்கள். சிறிது நடுக்கம் இந்த வண்டிகளின் பிறவிக் குணம். கூரையை மூடி ஓட்டும்போது மேல் பீடிங் கிறீச்சிட்டால் ரப்பருக்கான சிலிக்கான் கிரீஸ் போதும். கதவு நிலையிலிருந்து உலோகம் முனகினால் மலை ஏறுவதை விட்டுத் திரும்பிவிடலாம். ஏற்றத்தில் வெப்பமானி முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், இறக்கத்தில் பிரேக் மிதி ஆழமாகிக்கொண்டே போகக் கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் என்பதால், அதைப் படித்த பிறகே மலை ஏறுங்கள். இந்த வண்டிகள் ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாமல் நிற்பதுண்டு, டயரின் பட்டன் தேயாமலே ரப்பர் கிழடாகிவிடும்.

எஞ்சினை ஒரே மூச்சில் முடிக்கிறேன். 2008க்கு முந்தைய பாக்ஸ்டர் எஞ்சின்களில் இடைத்தண்டு பேரிங், அதாவது எஞ்சினுக்குள் சுழலும் ஒரு தண்டைத் தாங்கும் பேரிங், ஒரு பலவீனம். அது உடைந்தால் எஞ்சினே போய்விடும் என்பதால், ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்து மினுமினுக்கும் உலோகத் துகள் இருந்தால் விலகிவிடுங்கள். எஸ்.எல்.கே. 350இன் தொடக்கக்கால வி6 எஞ்சின்களில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் பல் சக்கரம் தேயும் பிரச்சினை இருந்தது, மாற்றிய ரசீது இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

காகிதங்களில் மட்டும் அவசரப்படாதீர்கள். புதுச்சேரிப் பதிவெண்ணோடு வரும் சொகுசு வண்டியின் விலை குறைவாகத் தோன்றும். ஆனால் வேறு மாநிலப் பதிவுள்ள வண்டி 12 மாதங்களுக்கு மேல் இங்கே இருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் பெற வேண்டும், இங்குள்ள வரியையும் கட்ட வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் என்.ஓ.சி., அதாவது படிவம் 28இல் தரும் தடையில்லாச் சான்று, கையில் வராமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். 15 ஆண்டு முடிந்த இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 40,000 ரூபாய்க் கட்டணம் இருக்கிறது. 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025இல் அதை 80,000 ஆக்கிவிட்டார்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பாக்ஸ்டராக இருந்தால் 17 எழுத்துகளில் 11ஆவதைக் கூடுதல் ஆர்வத்தோடு பாருங்கள்: அது ஆங்கில எஸ் என்றால் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், யு என்றால் பின்லாந்தின் ஊசிகௌப்புங்கி. உறைபனி நாட்டில் பிறந்த ஒரு கார் சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நடுப்பகலில் நின்றுகொண்டிருக்கும் காட்சியை நினைத்தால் எனக்கு அதன்மேல் இரக்கமே வந்துவிடுகிறது.

(காட்சி: வடிகால் துளைக்குள் புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பு மெதுவாக இறங்குகிறது.)

வண்டியை வாங்கிவிட்டால், மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் வடிகாலை இந்த மாதிரி மென்மையான நைலான் நரம்பால் சுத்தம் செய்யுங்கள். கட்டுக்கம்பியைவிட்டுக் குத்தினால் உள்ளே குழாய் கழன்று, அடைப்பைவிடப் பெரிய வேலையை வைத்துவிடும். உங்கள் வண்டியின் வடிகாலிலிருந்து என்னவெல்லாம் வெளியே வந்தது என்று கீழே எழுதுங்கள். எனக்கு இதுவரை கிடைத்தவை ஒரு கைப்பிடி சில்வர் ஓக் சருகு, யாரோ தின்று தவறவிட்ட தட்டுவடைத் துண்டு, ஒரு வெள்ளிக் கொலுசின் திருகு.