சந்தேகங்களுக்கு விளக்கம்: அந்த பிஷப்பை ஏன் யாரும் நீக்கவில்லை?

போன காணொளியில் அயர்லாந்தின் டெர்ரி பிஷப் ஃபிரெடரிக் ஹார்வியைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். ஒரு நேயர் அதைப் பிடித்துக்கொண்டார்: "இவ்வளவு கெட்ட பேர் எடுத்த ஆங்கிலிகன் பிஷப் 35 வருஷம் எப்படிப் பதவியில் இருந்தார்? யாரும் நீக்கவில்லையா?"

நீக்குவது லேசில்லை. ஆங்கிலிகன் என்பது அரசின் ஆதரவு பெற்ற புராட்டஸ்டண்ட் சபை. அன்று அதன் பிஷப்பை நியமித்தவர் அரசர், நியமித்தால் ஆயுசுக்கும். ஹார்வியின் அண்ணன் அயர்லாந்தின் வைஸ்ராயாக இருந்த செல்வாக்கில் 1767-இல் அயர்லாந்தின் க்ளாய்ன் என்ற ஊருக்கு பிஷப் பதவி கிடைத்தது, மறு வருஷமே டெர்ரி. சபை நிலங்களின் குத்தகைப் பணம் கொட்டியது. 1779-இல் இரண்டாவது அண்ணனும் இறக்க, பிரிஸ்டல் பிரபு பட்டமும் வந்தது. பிரபுவும் அவரே, பிஷப்பும் அவரே. யார் கை வைப்பார்கள்?

அப்புறம் அந்தக் கதைகள். ஒரு சபைக்கு ஆள் வேண்டியிருந்தபோது பருத்த பாதிரிமார்களைச் சேற்றில் ஓடவிட்டு, ஜெயிப்பவருக்கே வேலை என்றாராம். இத்தாலியின் சியெனாவில் ஜன்னலுக்குக் கீழே போன, கத்தோலிக்கர்கள் புனித அப்பத்தை ஏந்திச் செல்லும் நற்கருணை ஊர்வலத்தின் மேல் ஸ்பகெட்டியைக் கொட்டினாராம். இதெல்லாம் 'செய்தாராம்', 'சொன்னாராம்' என்று காதில் விழுந்த கதைகள். மனைவியைப் பிரிந்தது உண்மை. பிரஷ்ய அரசரின் ஆசைநாயகி லிச்டெனாவ் சீமாட்டியோடு பழகியதும் உண்மை. 1791-இல் கிளம்பியவர் டெர்ரி பக்கம் திரும்பவே இல்லை. இத்தாலியில் சிலை வாங்கிக்கொண்டிருந்தார். வருமானம் டெர்ரியிலிருந்து, ஆள் ரோமில்! இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் விடாமல் சொல்வது: வம்பைக் கேட்டால், யாருக்கு அவர் மேல் கடுப்பு என்றும் கேளுங்கள். அயர்லாந்தில் பொதுமக்களே ஆயுதமேந்திச் சேர்ந்த தொண்டர் படை, 1783-இல் டப்ளினில் கூட்டிய மாநாட்டில் கத்தோலிக்கர்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்றவர் இவர். ஆட்சியில் இருந்தவர்களுக்கு இனிக்குமா?

அயர்லாந்தின் வடகரையில், டவுன்ஹில் என்ற தன் எஸ்டேட்டில் கடலுக்கு மேலே, பாறை விளிம்பில், வட்டமாக ஒரு நூலகம் கட்டி, உறவுக்காரப் பெண் முஸெண்டன் பெயரை வைத்தார். 1785-இல், 22 வயதில் அந்தப் பெண் இறந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? கூரைக்குக் கீழே சுற்றிலும் பழைய ரோமானியக் கவிஞர் லுக்ரேஷியஸின் லத்தீன் வரி பொறித்திருக்கிறது: கடல் கொந்தளிக்கும்போது கரையில் நின்று அடுத்தவர் படும் பாட்டைப் பார்ப்பது சுகம் என்று. பிஷப் பொறிக்கிற வரியா இது! ஆனால் அதே கட்டடத்தின் கீழறையை, கத்தோலிக்கக் குரு பூசை வைக்கக் கொடுத்தார். கத்தோலிக்கர்களை ஒடுக்கிய சட்டங்கள் முழுசாக ஒழியாத காலம் அது. வம்பு பேசியவர்கள் மேல் மாடியோடு நின்றுவிட்டார்கள்.

அதனால், என்னைக் கேட்டால் கேள்வியே வேறு: இப்படிப்பட்டவருக்கு டெர்ரிக்காரர்கள் ஏன் நினைவுத்தூண் எழுப்பினார்கள்? 1803-இல் இத்தாலியில் அல்பானோ பக்கம் இறந்தார். பிணத்தைக் கப்பலில் ஏற்ற மாலுமிகள் பயப்படுவார்கள் என்று, சிலை எனச் சொல்லி அனுப்பினார்களாம். இங்கிலாந்தில் குடும்ப எஸ்டேட்டான இக்வொர்த்தில் அடக்கம். தூணும் அங்கேதான். பணம் போட்டவர்களில் டெர்ரியின் கத்தோலிக்க பிஷப்பும் உண்டு, ஆங்கிலிகன் சபையில் சேராத புராட்டஸ்டண்ட் போதகரும் உண்டு. அதைத் தூணிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, அடுத்த கேள்வி.