கேட்டு வாங்கின ஒரு செகண்டு

வணக்கங்க. பின்னாடி சேர் காலியா இருக்கு, வந்து உக்காந்துக்கோங்க.

மொதல்லயே சொல்லிடுறேன், நான் பேசப்போற ஃபுட்பால் மெஸ்ஸி ஆடுறது இல்ல, அமெரிக்காவுல ஹெல்மெட் மாட்டிக்கிட்டு பந்தை கக்கத்துல இடுக்கிட்டு ஓடி முட்டிக்குவாங்களே, அது. அதுலயும் காலேஜ் ஆட்டம். நாலு பேரு மரத்தடியில நின்னு பாக்குற மேட்ச்னு நெனச்சுடாதீங்க, ஆபர்ன் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல 87,000 பேருக்கு மேல உக்காரலாம். இந்த ஆபர்ன் 2013ல கடைசி நேரத்துல ஜெயிச்சதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம்னு சொல்றாங்க, அதப் பத்திதான் பேசப்போறேன்.

அலபாமா மாநிலத்துல பெரிய ப்ரொஃபஷனல் டீமே கிடையாது. அதனால அலபாமா யுனிவர்சிட்டி, ஆபர்ன், இந்த ரெண்டுதான் ஊருக்கே உசுரு. ரெண்டும் எஸ்இசின்னு சொல்ற சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்ங்கற லீக்ல அப்ப ஒரே பிரிவு, ஒரே வீட்டுல அண்ணன் இங்க தம்பி அங்க, சரியான பங்காளிப் பகை. எந்த அளவுக்குன்னா, 2010ல அலபாமா தோத்ததும் அவங்க ரசிகர் ஒருத்தரு ஆபர்ன்ல டூமர்ஸ் கார்னர்னு ஒரு முக்கு, அங்க இருந்த ரெண்டு ஓக் மரத்துக்கு விஷம் வெச்சுட்டாரு. ஜெயிச்சா டாய்லெட் பேப்பரை உருட்டி மேல வீசி கொண்டாடுற மரம்ங்க அது. பொழைக்கல. 2013 ஏப்ரல்ல எடுத்துட்டாங்க.

டீமும் அப்ப அதே லட்சணத்துலதான் கெடந்துச்சு. 2012ல 12 ஆட்டத்துல 3 தான் ஜெயம், கான்ஃபரன்ஸ்ல எட்டுக்கு எட்டும் அவுட்டு, கடைசியா அலபாமாகிட்ட 49-0. கோச்சை அனுப்பிட்டு கஸ் மால்ஸானை கூட்டிட்டு வந்தாங்க. 2013 செப்டம்பர்ல எல்எஸ்யூ, அதாவது லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டிகிட்ட 35-21ன்னு தோத்தாங்க, அதோட சரி, அதுக்கப்புறம் லீக் ஆட்டம் எதுலயும் தோக்கல.

நவம்பர் 16, ஜார்ஜியாவோட மேட்ச். 37-17ன்னு முன்னாடி இருந்துட்டு கோட்டை விட்டு 38-37ன்னு பின்னாடி போயிட்டாங்க. கடைசி சான்ஸ், 18 யார்டு முன்னேறணும், இல்லன்னா பந்து ஜார்ஜியா கைக்கு போயிரும். ஆபர்ன்ல பந்து வீசுற நிக் மார்ஷல் கண்ண மூடிட்டு வீசின மாதிரி ஒரு வீச்சு, ஜார்ஜியா பசங்க ரெண்டு பேரு ஒரே பந்துக்கு எம்பி அவங்க கையில பட்டு எகிறி, ஓடிட்டே இருந்த ரிக்கார்டோ லூயிஸ் தோள் மேல வந்து விழுது. 73 யார்டு டச்டவுன், 25 செகண்டு மிச்சம், ஆபர்ன் ஜெயிச்சிருச்சு. இது அதிர்ஷ்டம்தான், நான் மறுக்கல.

ஆனா ரெண்டே வாரத்துல நவம்பர் 30, அயர்ன் பவுல்னு சொல்ற அலபாமா-ஆபர்ன் ஆட்டத்துல நடந்ததையும் அதே கணக்குல சேக்குறாங்க பாருங்க, அதுக்குத்தான் நான் சண்டைக்கு வர்றேன்.

அலபாமா நம்பர் ஒன், அந்த சீசன் தோத்ததே இல்ல. ஜெயிக்கிறவங்க கான்ஃபரன்ஸ் ஃபைனலுக்கு அட்லாண்டா போவாங்க. 28-28. டைம் முடிஞ்சுபோச்சு, ஆனா அலபாமா கோச் நிக் சேபன் இல்ல இல்ல ஒரு செகண்டு பாக்கி இருக்குன்னு கேட்டாரு. வீடியோ பாத்துட்டு குடுத்தாங்க. வாங்கிட்டு 57 யார்டு ஃபீல்டு கோல், அதாவது பந்தை கோல் கம்பத்துக்கு நடுவுல போற மாதிரி உதைக்க சொன்னாரு. அன்னிக்கு அவங்க உதைச்சதுல மூணு ஏற்கனவே போகல! இங்க ஒரு விஷயம், பந்து குறைஞ்சு விழுந்தா ஆட்டம் முடியாது, எதிராளி புடிச்சு ஓடலாம். உதைக்கிறப்ப அலபாமா பக்கம் நிக்கிறது பெரும்பாலும் தடுக்கற வேலைக்கு வந்த குண்டு ஆசாமிங்க, தொரத்த முடியுமா? ஆபர்ன் டைம்அவுட் எடுத்து, எதிராளி உதைச்ச பந்தை புடிச்சு ஓடுற வேலையும் பாத்துட்டிருந்த க்ரிஸ் டேவிஸை கோல் கம்பத்துக்கு அடியில கொண்டுபோய் நிறுத்துனாங்க. சும்மாவா நிறுத்துவாங்க? பந்து குறைஞ்சுதான் வந்துச்சு. புடிச்சாரு, இடது பக்க கோட்டை ஒட்டியே ஓடினாரு, அந்தக் கடைசி வரைக்கும், 34-28. ஓடினது 109 யார்டு, ரெக்கார்டுல 100 தான் எழுதுவாங்க.

அடுத்த வாரம் அட்லாண்டால மிசூரியை 59-42, ஆபர்னோட ட்ரே மேசன் ஒருத்தரே 304 யார்டு ஓடினாரு. ஜனவரியில நேஷனல் ஃபைனல், ஃப்ளோரிடா ஸ்டேட்கிட்ட 13 செகண்டு இருக்கும்போது விட்டுட்டாங்க, 34-31. அதைப் பத்தி ஆபர்ன்காரங்ககிட்ட கேட்டா பேச்சை மாத்தி நேரா அயர்ன் பவுலுக்கு வந்துருவாங்க.

அயர்ன் பவுல் ஜெயிச்ச அந்த ராத்திரி டூமர்ஸ் கார்னர்ல மரம்தான் இல்லையே. கம்பம் நட்டு கம்பி கட்டி விட்டிருந்தாங்க. பேப்பரை அந்தக் கம்பி மேலயே வீசினாங்க.