மதவடியில் ஒரு கேள்வி: அடுத்த கோச் யார்?

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைப் பக்கம் மாலை ஆறு மணிக்குப் பிறகு மதவடியில் நாலைந்து இளைஞர்கள் உட்கார்ந்திருந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் உதைபந்தாட்டத்தில்தான் வந்து நிற்கும். சனி, ஞாயிறு என்றால் சொல்லவே வேண்டாம். இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குகிற ஆட்டம், குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரைக்கு வரும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம். ஐரோப்பியக் கிண்ண ஆட்டம்தான் கஷ்டம், நடுச்சாமம் தாண்டி ஒன்றரைக்குத் தொடங்கும். அதையும் கைபேசியில் பார்த்துவிட்டு விடியக் காலை வயலுக்குப் போகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அந்த மதவடியில் அடிக்கடி சூடு பிடிக்கிற விவாதம் ஒன்று இருக்கிறது. அடுத்த கோச் யார்? தங்கள் அணி நாலு ஆட்டம் தோற்றால் போதும், பெயர்கள் வரிசையாக வந்து விழும். வெளியில் இருந்து பார்க்கிற பெரியவர்கள், 'இவங்களுக்கு வேற வேலை இல்லையா' என்று கேட்பார்கள். நான் அப்படிக் கேட்க மாட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு பயிற்றுநர் மாறினால் ஓர் அணியே எப்படி மாறுகிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் அந்த விவாதத்தை நான் மதிக்கிறேன். அதற்குள் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது, அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

2024 ஜனவரி 26ஆம் திகதி இங்கிலாந்தின் லிவர்பூல் அணியின் கோச் யேர்கன் குளொப், பருவ முடிவில் விலகப் போவதாக அறிவித்தார். எட்டரை ஆண்டுகள் அந்த அணியோடு இருந்தவர். தன்னிடம் இருந்த சக்தி தீர்ந்து வருகிறது என்று அவரே சொன்னார். அன்று மாலை மதவடியில் செத்த வீட்டு அமைதி. அடுத்த நாளே விவாதம் தொடங்கிவிட்டது.

"சேர், அலொன்சோவை விட்டா வேற ஆள் இல்ல" என்றான் ஒரு தம்பி.

அவன் சொன்ன காரணங்கள் சாதாரணமானவை அல்ல. ஷாபி அலொன்சோ லிவர்பூலுக்கு விளையாடியவர். 2005இல் இஸ்தான்புல் இறுதியாட்டத்தில் மூன்றாவது கோலை அடித்தவர். 2022 ஒக்டோபரில் ஜேர்மனியின் லெவர்கூசன் அணியைக் கோச்சாகப் பொறுப்பெடுத்தபோது அது 18 அணிகளில் 17ஆம் இடத்தில் கிடந்தது. அவன் பேசிய அந்த நேரம் ஜேர்மன் லீக்கில் தோல்வியே இல்லாமல் முதலிடத்தில் நின்றது. இன்னொருவன் போர்த்துக்கல்லின் ஸ்போர்ட்டிங் அணியில் இருந்த ரூபன் அமோரிமைச் சொன்னான். இரவு ஒன்பது மணி வரைக்கும் சண்டை. நான் அங்கே இருந்த நேரம் முழுக்க, ஒருவர் வாயிலும் ஆர்னே ஸ்லொட் என்ற பெயர் வரவில்லை.

மார்ச் கடைசியில் அலொன்சோ லெவர்கூசனிலேயே இருக்கப் போவதாகச் சொன்னார். பிறகு ஒல்லாந்தின் ஃபெயனூர்ட் அணிக்குப் பயிற்சி கொடுத்த ஸ்லொட் லிவர்பூலுக்கு வந்தார். மதவடியில் எல்லாருக்கும் முகம் தொங்கிப் போய்விட்டது. ஒல்லாந்து லீக்கில் வென்றவர் இங்கே வந்து என்ன செய்வார் என்று கேட்டார்கள். மே 19, குளொப்பின் கடைசி ஆட்டம். ஆட்டம் முடிந்து ஒலிவாங்கியைக் கையில் எடுத்த அவர், தன் பெயரைப் பாட வந்த கூட்டத்துக்குத் தனக்குப் பின் வருகிறவரின் பெயரைப் பாடக் கற்றுக் கொடுத்தார். இடத்தை விட்டுப் போகிற ஒருவர் வருகிறவருக்குக் கதவைத் திறந்து வைத்த அந்தக் காட்சி என் மனதில் அப்படியே இருக்கிறது.

சரி, ஸ்லொட் வந்து என்ன செய்தார்? அந்தக் கோடையில் நடுக்களத்தின் பின்பக்கம் நிற்க ஓர் ஆள் தேவை என்று ஸ்பெயினின் சுபிமெண்டியைக் கேட்டார்கள். அவர் வர மறுத்துவிட்டார். ரசிகர்கள் கொதித்தார்கள். ஸ்லொட் வேறு பெயர் தேடி ஓடவில்லை. ஏற்கெனவே அணியில் இருந்த, முதல் வருடம் நிரந்தர இடம் பிடிக்காத ரயன் ஹிராவன்பெர்க்கைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிறுத்தினார்.

அந்த இடத்தின் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பின்களத்தில் இருந்து பந்து உங்களுக்கு வருகிறது. எதிராளி உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான். பந்தைக் காலில் நிறுத்திவிட்டுப் பிறகு திரும்பலாம் என்று நினைத்தால் பந்து போய்விடும். ஹிராவன்பெர்க் நிறுத்துவதில்லை. பந்து வந்துகொண்டிருக்கும்போதே இடுப்பைப் பாதி திருப்பி வைத்திருப்பார். முதல் தொடுகையிலேயே பந்தும் அவரும் சேர்ந்து திரும்பிவிடுவார்கள். எதிராளி வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒருவரிடம் இருந்த அந்தத் திறமையைக் கண்டு, அதற்குப் பொருத்தமான இடத்தில் அவரை வைத்ததுதான் ஸ்லொட்டின் வேலை. 2025 ஏப்ரல் 27இல் டொட்டன்ஹாமை ஐந்துக்கு ஒன்று என்று வென்று, இன்னும் நாலு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே லிவர்பூல் தன் 20ஆவது லீக் பட்டத்தை எடுத்தது.

அதே பருவத்தில் அமோரிம் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்குப் போனார். திறமையில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. 19 வருடமாக லீக் பட்டம் காணாத ஸ்போர்ட்டிங்குக்கு 2021இல் அதை வாங்கிக் கொடுத்தவர். ஆனால் பின்னால் மூன்று பேரை நிறுத்தி ஆடுகிற அவருடைய முறை ஒரு மாதிரி, யுனைட்டெட்டில் இருந்த ஆட்கள் இன்னொரு மாதிரி. பருவ நடுவில் வந்த அவருக்கு ஆள் எடுக்கவும் நேரமில்லை, பயிற்சி கொடுக்கவும் நாளில்லை. அணி 15ஆம் இடத்தில் போய் முடிந்தது.

நம் விவாதங்களில் விடுபடுகிற கேள்வி இதுதான். இப்போது இருக்கிற ஆட்களை வைத்து இந்த மனிதர் என்ன செய்வார்? முன்னைய அணியில் என்ன வென்றார் என்பதைப் பேசுகிறோம். முன்பு எவ்வளவு அழகாக விளையாடினார் என்பதையும் பேசுகிறோம். நம் அணியில் வலப்பக்கம் யார் நிற்கிறார், அவருக்கு ஓட முடியுமா, இவர் வந்தால் அவரை எங்கே போடுவார் என்று பேசுவது குறைவு.

எங்கள் கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். போர் முடிந்து 2010இல் மீளக்குடியேறி வந்தபோது மைதானம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கண்ணிவெடி அகற்றி முடித்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகளை உள்ளே விட்டோம். கோல் கம்பத்துக்குப் பனங்கம்பு. மெல்ல மெல்ல ஓர் அணி வந்தது. சில வருடம் கழித்து, எங்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் கட்டாருக்கு வேலைக்குப் போக வேண்டி வந்தது. சனசமூக நிலையத்தில் கூடினோம். மேல்மட்டத்தில் விளையாடிய ஒருவரைப் பட்டணத்தில் இருந்து கூப்பிட வேண்டும் என்பதுதான் எல்லாருடைய விருப்பமும். நானும் அதற்குக் கை உயர்த்தினேன்.

வந்தவர் நல்ல மனிதர், நிறையத் தெரிந்தவர். பின்னால் இருந்து குறுக்கே குறுக்கே சின்னச் சின்னதாகக் கொடுத்து முன்னேறும் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். புல்லுத் தரையில் அது பொன்னான ஆட்டம். எங்கள் மைதானம் கடற்கரை மணல். பந்து உருளாது, புதையும். பிள்ளைகள் தாங்கள் உதவாதவர்கள் என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் தூரப் பயணமும் சரிவராமல் அவர் நின்றுவிட்டார்.

அப்புறம் கடலுக்குப் போகிற அண்ணன் ஒருவர்தான் பொறுப்பெடுத்தார். அவர் முதலில் செய்தது ஒரு பிள்ளையின் இடத்தை மாற்றியதுதான். அந்தப் பிள்ளை முன்னுக்கு விளையாடுகிறவன், கோல் விழாது, எல்லாரிடமும் ஏச்சு வாங்குவான். காலையில் தகப்பனோடு கரைவலை இழுக்கப் போவான். கயிறு இறுகும்போது குதிக்காலை மணலில் ஊன்றி, இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து, அசையாமல் நிற்பான். அண்ணன் அதைக் கரையில் நின்று தினமும் பார்த்தவர். "நீ பின்னுக்கு வா தம்பி, கயிறு இழுக்கிற மாதிரியே நில்லு" என்றார். அவ்வளவுதான். பிறகு அவனைத் தள்ளிக்கொண்டு யாரும் உள்ளே வர முடியவில்லை. அந்த அண்ணனின் பெயரை எங்கள் கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்கு மனவருத்தம்தான்.

பொறுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலெக்ஸ் பேர்கசன் 1986இல் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்குக் கோச்சாக வந்தார். 1989இல் அவரைப் போகச் சொல்லி ரசிகர்களே பதாகை பிடித்தார்கள். முதல் கிண்ணம் 1990இல்தான் வந்தது. லீக் பட்டத்துக்கு 1993 வரை காத்திருந்தார்கள். அதோடு சேர்த்து மொத்தம் 13 லீக் பட்டம்.

பட்டம் வென்ற ஸ்லொட்டும் தப்பவில்லை. 2025 கடைசியில் லிவர்பூலுக்குத் தோல்விமேல் தோல்வி. மதவடியில் மறுபடியும் பெயர்கள் விழத் தொடங்கின. அலொன்சோவுக்காக வாதாடிய அதே தம்பி, "அடுத்தது யார் சேர்?" என்று கேட்டான். வலப்பக்கத்தில் இருந்த அலெக்சாண்டர் ஆர்னல்ட் ரியல் மட்ரிட் அணிக்குப் போய்விட்டாரே, அந்த இடத்தில் நீ யாரைப் போடுவாய் என்று நான் திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு மதகில் இருந்து இறங்கி, மணலில் ஒரு தடியால் மைதானம் கீறினான். மற்றவர்கள் வேப்பங்காய் பொறுக்கிக்கொண்டு வந்து ஆட்களாக வைத்தார்கள். ஒருவன் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தான். இவரை இங்கே விட்டால் அந்தப் பக்கம் திறந்து போகும், அவரை உள்ளே இழுத்தால் நடுவில் நெருக்கடி என்று ஒரு காயை நகர்த்த இன்னொருவன் திருப்பி வைத்தான். நான் வீட்டுக்குப் போகும்போதும் அவர்கள் அந்த வேப்பங்காய்களைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.