இரவுக்கு எத்தனை யூனிட்?

நேயர்களுக்கு வணக்கம். வானொலி நிலையத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு 'வீட்டுக்குச் சூரிய மின்சாரம்'. அது பெரிய தலைப்பு, கிடைத்திருக்கும் நேரமோ கொஞ்சம். அதனால் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மின்வாரியக் கம்பி இல்லாத வீட்டில், அல்லது கம்பி இருந்தும் அதை நம்பி இருக்க முடியாத வீட்டில், நம் கரண்டை நாமே எடுத்து நாமே சேமித்து வைத்துக்கொள்கிற ஏற்பாடு. கடைக்காரர்கள் ஆஃப்கிரிட் என்பார்கள். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கத்துத் தோப்பு வீடுகளுக்கு இதை மாட்டிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மொட்டை மாடியில் பேனல் இருந்தால் ஊரே இருண்டாலும் அந்த வீட்டில் விளக்கு எரியும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எரியாது. மின்வாரிய இணைப்போடு சேர்த்து, மீட்டர் மாற்றி, மிச்சத்தை வாரியத்துக்கே கொடுக்கிறோமே, அந்த வகை இன்வர்ட்டர் லைனில் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் நின்றுவிடும். அது பழுதில்லை. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் உயிருக்காகச் செய்த ஏற்பாடு. லைனை நிறுத்திவிட்டோம் என்று நம்பி அவர் கம்பியைத் தொடுகிற நேரத்தில் நம் மாடியிலிருந்து கரண்ட் போய்விடக் கூடாது, இல்லையா? 2024-இல் மத்திய அரசு கொண்டுவந்த சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறார்களே, அதுவும் மின்வாரியத்தோடு இணைந்த இந்த வகைக்குத்தான். பில்லைக் குறைக்க அது நல்ல திட்டம். ஆனால் புயல் ராத்திரிக்கு அது உதவாது. கூடவே பேட்டரி வைத்து, அதற்கென்று உள்ள ஹைபிரிட் இன்வர்ட்டர் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு.

புயல் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு 2018 நவம்பர் 16 ஞாபகம் வந்திருக்கும். கஜா. விடியற்காலையில் வேதாரண்யம் கரையில் ஏறியது. தென்னை சாய்ந்தது, கம்பங்கள் வரிசை வரிசையாகப் படுத்தன. உள்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. அப்போது ஒரு வீட்டு வாசலில் நான் பார்த்ததை எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

2011-இல் மாநில அரசு சூரிய விளக்கோடு பசுமை வீடு கட்டிக்கொடுக்க ஆரம்பித்தது தெரியும். 300 சதுர அடி வீடு. அப்படி ஒரு வீட்டில் பேனல் மட்டும் கூரையில் கிடக்கிறது, பேட்டரி செத்துப் பல வருஷம். அந்த வீட்டு அம்மாவின் மகன் டாட்டா ஏஸ் ஓட்டுகிறவர். வண்டியின் மேல் மரம் விழுந்து முன்பக்கம் நசுங்கிவிட்டது, பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கழற்றி அந்தப் பழைய பேனலோடு இணைத்து, வண்டியில் போன் சார்ஜ் போடுகிற அந்தச் சின்னக் குமிழையும் பிடுங்கி மாட்டிவிட்டார். இன்வர்ட்டர் கிடையாது, ஒன்றும் கிடையாது. காலையில் வெயில் ஏற ஏற வாசலில் கூட்டம். ஒரு முறத்தில் போன்களைப் பரப்பி, ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதி வைத்திருந்தார் அந்த அம்மா. யாருடையது முக்கால் ஏறியது, யாருடையது கால்தான் ஏறியது என்று கணக்கு அவர் நாக்கிலேயே இருந்தது. இத்தனைக்கும் டவரும் விழுந்து கிடக்கிறது, பேச முடியாது. ராத்திரி டார்ச் அடிக்கத்தான் போன்.

அந்த வரிசையில் மெயின் ரோட்டு மாடி வீட்டுக்காரர் ஒருவர் நிற்கிறார். அவர் மாடியில் 3 கிலோவாட் பேனல், கீறல்கூட இல்லாமல் தப்பித்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், "தம்பி, எம் மாடியில அவ்ளோ வெயில் அடிக்குது, ஒரு பல்பு எரியலயே, நியாயமா?" என்றார். லைன்மேன் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பேட்டரிதான் சூட்சுமம்னு சொல்லு" என்றார். அதுதான். இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் அதுதான்.

பேனல் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் வெயிலைப் பற்றியே பேசுகிறார்கள். "நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?" பஞ்சமில்லை. நல்ல வெயில் நாளில் 1 கிலோவாட் பேனல் 4 யூனிட் கொடுத்துவிடும். ஆனால் நமக்குக் கரண்ட் வேண்டியது ராத்திரியில். அதுவும் ஐப்பசி கார்த்திகையில், மூன்று நாள் மூடாக்குப் போட்ட ராத்திரியில். அதனால் கணக்கைப் பகலில் ஆரம்பிக்காதீர்கள், இருட்டில் ஆரம்பியுங்கள். ஒரு தாளை எடுத்து, ராத்திரிக்கு என்னென்ன ஓடும் என்று எழுதுங்கள்.

நானே ஒரு சின்ன வீட்டுக்குப் போட்டுக் காட்டுகிறேன், காதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்டை மணி நேரத்தால் பெருக்கிக்கொண்டே வாருங்கள். 9 வாட் எல்இடி பல்பு நான்கு, 5 மணி நேரம் எரிந்தால் 180. டிவி 50 வாட், 3 மணி நேரம் ஓடினால் 150. போன் சார்ஜுக்கு ஒரு 30. மூன்றும் சேர்ந்து 360. ஆயிரம் சேர்ந்தால்தான் ஒரு யூனிட், ஆகையால் இது அரை யூனிட்கூட இல்லை. இப்போது ஃபேனுக்கு வருவோம். பழைய ஃபேன் 75 வாட். இரண்டு ஃபேன், 10 மணி நேரம். அது மட்டுமே ஒன்றரை யூனிட்! வீடே அரை யூனிட்டுக்குள் அடங்கிவிட்டது, ஃபேன் ஒன்றரை கேட்கிறது. எங்கள் பக்கம் கொசுவுக்கும் புழுக்கத்துக்கும் ஃபேனை நிறுத்து என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அதற்குப் பதில் ஃபேனை மாற்றுங்கள். பிஎல்டிசி ஃபேன் என்று கேட்டால் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். அது 30 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும், காற்றில் குறை இருக்காது. இரண்டு ஃபேனும் சேர்ந்து ராத்திரிக்கு 600. வீட்டின் மொத்தக் கணக்கு ஏறக்குறைய 2 யூனிட்டிலிருந்து 1 யூனிட்டுக்கு வந்துவிட்டது. ஃபேன் விலை ஒன்று மூவாயிரத்தைச் சுற்றி இருக்கும். அதனால் என்ன மிச்சம் என்பது பேட்டரிக் கணக்குக்கு வந்தால் தெரியும். ஃபேனை மாற்றாமல் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று நான் சண்டையே போட்டிருக்கிறேன். பேனல் விற்கிறவன் ஃபேனைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும்.

சரி, பேட்டரி. வீட்டு இன்வர்ட்டருக்கு வைக்கிற டியூபுலர் பேட்டரி, 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர், அதாவது ஏஹெச். இரண்டையும் பெருக்குங்கள், 1800. அதாவது 1.8 யூனிட். ஆனால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அடிப்பாதி விதைநெல் மாதிரி. பசிக்கிறதே என்று அதில் கை வைத்தால் அடுத்த போகம் இல்லை. தினமும் ஒட்டச் சுரண்டினால் ஐந்தாறு வருஷம் வரவேண்டிய பேட்டரி இரண்டு வருஷத்தில் போய்விடும். நமக்கு ராத்திரிக்கு 1 யூனிட். மழை நாளுக்காக இரண்டு ராத்திரிக்கு என்றால் 2 யூனிட். பாதிதான் எடுக்கலாம் என்பதால் 4 யூனிட் கொள்ளளவு. கிட்டத்தட்ட இரண்டு பேட்டரி. பழைய ஃபேனோடு இருந்தால்? நான்கு பேட்டரி. ஒரு பேட்டரியே பதினைந்தாயிரத்தை ஒட்டி வருகிறது. இப்போது புரிகிறதா, நான் ஏன் ஃபேனுக்குச் சண்டை போடுகிறேன் என்று?

மாவு அரைப்பது, தண்ணீர் ஏற்றுவது, துணி துவைக்கிற மிஷின் எல்லாவற்றையும் பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பேனலில் இருந்து வருவது நேராக வேலைக்குப் போய்விடும், பேட்டரி தேயாது.

இனிப் பேனல். மேலே சொன்ன வீட்டுக்கு 600, 700 வாட் போதும். வெயில் நாளில் அது மிதமிஞ்சியதாகத் தெரியும், மூடாக்கு நாளில்தான் அருமை தெரியும். தெற்குப் பார்த்து வையுங்கள். சாய்வுக்கு அளவுகோல் வேண்டாம். பேனலில் ஒரு மீட்டர் நீளத்துக்கு, வடக்குப் பக்கம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்திருந்தால் எங்கள் ஊருக்குச் சரி.

சாய்வு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை. நிழல்தான் எதிரி. பேனலுக்குள் சின்னச் சின்னச் செல்கள் வரிசையாக, ஒன்றன் வழியாக அடுத்ததற்குக் கரண்ட் போகிற மாதிரி கோத்திருக்கும். ஒரே ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஓரத்தில் விழுந்தாலும் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் படுத்துவிடும். நிழலை எப்போது பார்க்கவேண்டும் தெரியுமா? சித்திரையில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சித்திரை முதல் வாரத்தில் எங்கள் ஊரில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நம் நிழல் காலடியிலேயே கிடக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே போய்விடும். 50 அடித் தென்னையின் நிழல் நண்பகலிலேயே 33 அடிக்கு வடக்கே நீளும். காலை ஒன்பது மணிக்கு அதைவிட அதிகம். ஆகவே பேனலுக்குத் தெற்கே என்ன நிற்கிறது, இனி என்ன வளரப்போகிறது என்று பாருங்கள்.

கஜாவுக்குப் பிறகு ஒரு பெரியவர் தோப்பில் இதே பேச்சு வந்தது. பழைய மரமெல்லாம் போய் வெட்டவெளியாகக் கிடக்கிறது, பேனலுக்கு அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் வீட்டுக்குத் தெற்கே வரிசையாகக் கன்று வைத்திருக்கிறார், எல்லாம் நெட்டை ரகம். "ஐயா, ஏழெட்டு வருஷத்துல இது பேனலை மறைச்சிடும், ரெண்டு கன்னை மட்டும் தள்ளி வைப்போமா?" என்று கேட்டேன். "பேனலுக்குக் கால் இருக்குல்ல, அதத் தள்ளி வை. கன்னு வேர் விட்டாச்சு" என்றார். களத்துமேட்டுப் பக்கம் தனியாகக் கம்பம் நட்டு அதன்மேல் மாட்டினோம். ஒயர்தான் நீண்டுபோயிற்று, அதற்கேற்ற கனத்தில் போட்டேன். இப்போது அந்தக் கன்றுகள் காய்க்கின்றன, பேனலிலும் நிழல் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டதாம். பாதுகாப்பைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும் என்றுதான் வந்தேன், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பேனலிலிருந்து வருவது டிசி, பேட்டரியில் இருப்பது மாதிரி ஒரே திசையில் ஓடுகிற கரண்ட். வீட்டுச் சாதாரண சுவிட்சை அதில் போடாதீர்கள், பொறி அணையாமல் எரிந்து தீப்பிடிக்கும். டிசிக்கென்றே செய்த டிரிப் சுவிட்ச் இருக்கிறது, டிசி எம்சிபி என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரி பிளஸ் முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ் கட்டாயம். இப்போது வருகிற பெரிய பேனல் 40 வோல்ட்டை ஒட்டிக் கொடுக்கிறது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற பெட்டிதான் கண்ட்ரோலர். இரண்டு பேட்டரியைக் கோத்த 24 வோல்ட்டுக்கு, விலை மலிந்த பிடபிள்யூஎம் வகைக் கண்ட்ரோலர் போட்டால் மூன்றில் ஒரு பங்கு வீணாகும், எம்பிபிடி வகை போடுங்கள். டியூபுலர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான், கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. பேட்டரி இருக்கும் அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் சாமி விளக்கு வேண்டாம். கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட். பேனல் சட்டத்துக்குத் தனி எர்த். லித்தியம் பேட்டரியைப் பற்றிக் கேட்டு நேயர்கள் எழுதியிருந்தார்கள், அதற்கு இன்று நேரமில்லை, இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். வணக்கம்.